இருநூற்றுப் பன்னிரண்டாம் அடிக்குறிப்பு

ஸ்னெட்டர்பி ஊரில் மன்னிப்புக் கேட்பதற்கென்று வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. 'சாரி' என்ற சொல் அங்கே மூச்சுக்கு மூச்சு வரும், கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம்கூடச் சொல்வார்கள். அது வேறு. நிஜமாகவே ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு மனத்தாங்கல் வந்துவிட்டால், அதை மூடி போட்டு ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை வரைக்கும் பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்த நாளுக்கு மேஜைவிரிப்பு நாள் என்று பெயர்.

எல்லாம் ஒரு குழந்தைகள் நாவலால் வந்த வினை. நூறு வருடத்துக்கு முன்னால் யூஃபீமியா க்ரேல் என்ற கல்யாணமாகாத அம்மாள் அதே ஊரில் உட்கார்ந்து 'நிலாவின் சலவைக்கூடம்' என்று ஒன்றை எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். லெட்டிஸ் என்ற சிறுமி, ட்ரைஃபீனா அத்தையின் வீட்டு லேஸ் மேஜைவிரிப்பைக் கிழித்துவிட்டாள் என்று துணி வெளுக்கும் அறையில் பூட்டப்படுகிறாள். அங்கே வெந்நீர்க் கொப்பரைக்குள் எட்டிப் பார்க்கிறாள், தலைகுப்புற விழுகிறாள். அந்தப் பக்கத்தில் நிலாவின் அழுக்குத் துணிகளை வாத்துகள் துவைத்துக்கொண்டிருக்கின்றன. ஏகப்பட்ட சாகசம் செய்து வீடு திரும்பி, அத்தை முன்னால் மண்டியிட்டு, "தப்பு என்னுடையது அத்தை, கிழித்த கையும் என்னுடையது" என்கிறாள். அத்தை சீமைச்சோம்பு கேக்கில் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கிறாள். சுபம்.

இந்தக் கடைசிக் காட்சியை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மே மாதமும் விழாக் குழு கூடி, அந்த வருடத்துச் சண்டைகளையெல்லாம் அலசி, யார் லெட்டிஸ், யார் அத்தை என்று பட்டியல் போட்டு, பஸ் நிறுத்தத்துப் பலகையில் ஒட்டும். புல்வெளியில் அறுபதடி நீளத்துக்கு வெள்ளை விரிப்பு விரிப்பார்கள். லெட்டிஸ்கள் வரிசையாக வந்து மண்டியிட்டு அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும், அத்தைகள் கேக் வெட்டித் தர வேண்டும். கேக் தொண்டையில் இறங்கியதும் விவகாரம் முடிந்தது, அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. போன வருடம் லாரி ஓட்டுகிற ஒருத்தன், ஆறடி இரண்டங்குலம், தாடிக்காரத் தபால்காரரைப் பார்த்துக் கண்கலங்க "அத்தை" என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இந்த மே மாதப் பட்டியலில் முதல் வரியே இப்படி இருந்தது. லெட்டிஸ்: ரோவினா ஸ்டப்ஸ். அத்தை: மெரியல் டன்ஹோம்.

ரோவினா முப்பத்தொரு வருடம் அந்த ஊர்ப் பள்ளிச் சமையலறையை ஆண்டவள். அவள் மசித்த உருளைக்கிழங்கைத் தின்று வளராதவர் அங்கே குறைவு. குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்த குழுச் செயலாளர் ப்ரூம்ஹெட்டின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"என்ன இது, ப்ரூம்ஹெட்?"

"குழு ஏகமனதா எடுத்த முடிவு, ரோவினா. நான் வெறும் செயலாளர்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சர்ச்சுல எண்பது பேர் கேட்டோமே, நீங்க சிரிச்சதை."

 சிரித்தது உண்மைதான். போன செப்டம்பரில், மெரியலின் கணவன் டெஸ்மண்டின் இறுதிச் சடங்கில், பாதிரியார் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ரோவினா வாய்விட்டுச் சிரித்தாள். அதுவும் லேசாக இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளை அடக்கிய தொண்டை அது.

பாதிரியார் புதுசு, பாவம். "டெஸ்மண்டின் கை என்றுமே சுருங்கியதில்லை" என்று சொல்லித் தொலைத்தார். டெஸ்மண்ட், வெந்நீரில் முக்கி எடுக்கும் ஒரு டீப் பையை மூன்று தடவை பயன்படுத்துகிறவன். முதல் தடவைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அதைத் துணிக்கொடியில் க்ளிப் போட்டுக் காயவைப்பான். கோடைக் காலத்தில் மெரியலின் தோட்டத்தில் உள்பாவாடைக்கும் தலையணை உறைக்கும் நடுவே பத்துப் பதினைந்து டீப் பைகள் காற்றில் ஆடும். ரோவினாவுக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது. அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முன்வரிசையில் மெரியலின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தாள். சரிதான், இவளும் அதைத்தான் நினைக்கிறாள் என்று தெரிந்ததும் அணை உடைந்துவிட்டது.

மெரியல் திரும்பிப் பார்க்கவே இல்லை. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகன் ஜூலியன் அவள் தோளை அணைத்துக்கொண்டு, பின்வரிசையைத் திரும்பி ஒரு முறை முறைத்தான். புருஷனைப் பறிகொடுத்து விம்மி அழுகிறவளைப் பார்த்து உயிர்த்தோழியே சிரித்தாள் என்று சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர் வரைக்கும் போய்விட்டது. மெரியல் அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ரோவினாவோடு பேசவும் இல்லை.

நாற்பது வருடச் சிநேகிதம். ரோவினாவின் புருஷன் இன்னொருத்தியோடு க்ரிம்ஸ்பிக்கு ஓடிப்போன அன்றைக்கு, ஒரு ஜின் பாட்டிலோடு வந்து கதவைத் தட்டியவள் மெரியல்தான். "அவளுக்கு இன்னும் அவன் குறட்டையைப் பத்தித் தெரியாதுடி" என்று சொல்லி, அழ வேண்டிய நாளில் இருவரையும் தரையில் உருண்டு சிரிக்க வைத்தவளும் அவள்தான். அப்பேர்ப்பட்டவள் சர்ச்சில் அழுதாளா, சிரித்தாளா? முதல் மாதம் ரோவினாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆறாவது மாதத்தில் ராத்திரித் தூக்கம் கெட்டது. ஒன்பதாவது மாதத்தில், நாற்பது வருடமாக நாம் பார்த்ததெல்லாம் யாரை என்றே அவளுக்குக் குழம்பிவிட்டது.

"இன்னொண்ணு," என்றார் ப்ரூம்ஹெட், பலகையின் கண்ணாடியை மூடிக்கொண்டே. "மெரியல் வீட்டு வாசல்ல விற்பனை போர்டு வெச்சிருக்காங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஜூலியன் லீட்ஸுக்குக் கூட்டிட்டுப் போறாராம். விழா முடிஞ்சு திங்கக்கிழமை கையெழுத்து. அதனால இந்த வருஷம் விட்டா..." அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு வரிதானே, ரோவினா. சொல்லிட்டு எழுந்திரிங்க."

"செய்யாத தப்புக்கா?"

"ஊர்ல பாதிப் பேர் செய்யாத தப்புக்குத்தான் மண்டி போடறோம். நானே நாலு தடவை லெட்டிஸா இருந்திருக்கேன்."

ரோவினா வீட்டுக்குப் போகும் வழியில் அந்த போர்டை மறுபடி பார்த்தாள். மெரியல் இல்லாத ஸ்னெட்டர்பியை நினைத்துப் பார்த்தாள். கூடச் சிரிக்க ஆள் இருக்காது. ஆனால் பொய்யாக மண்டியிடவும் மனசு வரவில்லை. அப்படி வாங்கிய கேக்குக்கு அப்புறம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நடமாடும் நூலக வண்டி இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன் வரும். ஓட்டுநர், நூலகர், அபராதம் போடுகிறவள் எல்லாம் ஷான்டெல் ஒருத்தியே. அவளும் ரோவினாவின் உருளைக்கிழங்கில் வளர்ந்தவள்தான்.

"அந்த லெட்டிஸ் புக்கு இருக்கா, கண்ணு? சின்ன வயசுல ஸ்கூல்ல படிச்சது. அந்தக் கழுதை எதுக்கு மண்டி போட்டான்னு மறுபடி பாக்கணும்."

ஷான்டெல் இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கி மேஜையில் வைத்தாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது.

"குழந்தைங்க புக்குக்கு இவ்ளோ கனம் எதுக்கு?"

"கதை கொஞ்சம்தான், மிஸஸ் ஸ்டப்ஸ். மீதியெல்லாம் அடிக்குறிப்பு. ஒரு பேராசிரியை ஒன்பது வருஷம் உக்காந்து எழுதினாங்களாம். முதல் பதிப்பு எப்படி இருந்துச்சோ அப்படியே போட்டு, வரிக்கு வரி விளக்கம்."

"ஒன்பது வருஷமா? அந்தம்மாவுக்குத் துவைக்கிறதுக்குத் துணியே இல்லையா?"

"ரெண்டு வாரத்துல கரெக்டா கொண்டு வந்துடுங்க. அடுத்தது மெரியல் பேர் எழுதியிருக்காங்க."

ரோவினாவுக்குச் சுருக்கென்றது. அத்தையாக உட்காரப் பாடம் படிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, டீ போட்டு, சமையல் மேஜையில் விரித்துவைத்தாள்.

பேராசிரியை மார்ச்பேங்க்ஸ் அம்மாளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. 'லெட்டிஸ் சோப்பை எடுத்தாள்' என்று கதையில் ஒரு வரி இருந்தால், கீழே ஒன்றரைப் பக்கத்துக்குச் சோப்பு. வாத்துக்கு இரண்டு பக்கம், எந்த ஜாதி, எத்தனை முட்டை, எந்த ஊர்ச் சந்தை என்று. ரோவினா முதலில் சபித்துக்கொண்டே படித்தாள். ஐம்பத்தெட்டாம் குறிப்புக்கு வந்தபோது டீ மூக்கில் ஏறிவிட்டது. 'ஸ்னெட்டர்பியில் இந்நாவலின் பெயரால் ஆண்டுதோறும் விழா நடைபெறுகிறது. மூன்று முறை சென்று விசாரித்தேன். அவ்வூர் மக்கள் இந்நாவலைப் படித்ததற்கான ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.'

சிரித்துக்கொண்டே கை தானாகத் தொலைபேசிக்குப் போனது. இதை மெரியலுக்குப் படித்துக் காட்டாமல் எப்படி? மூன்று எண்ணை அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. வைத்துவிட்டாள். அடுப்படியில் அவள் சிரித்த சிரிப்பு அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது.

ஆனால் படிப்பதை விட முடியவில்லை. ஒன்பது வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் அவள் படித்தது இந்தக் கதையே இல்லை. அது உப்பு, காரம், புளி எல்லாம் எடுத்துவிட்டு நோயாளிக்கு வடித்துக் கொடுத்த கஞ்சி. இதில் நிலா ஒரு சோம்பேறி, ஊருக்குத்தான் வெளிச்சம், உள்ளாடை மாற்றி ஒரு மாதம் ஆகிறது. வாத்துகள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்கின்றன. லெட்டிஸ் நல்ல பெண்ணும் இல்லை, பொய் சொல்கிறாள், கடிக்கிறாள், ஒரு வாத்தின் தொப்பியைத் திருடி அதற்கே விற்கிறாள். ரோவினா ஒரு வாரம் சமையலே செய்யாமல் ரொட்டியும் சீஸும் தின்று படித்தாள். இப்படிப்பட்டவள் எப்படி மண்டியிடுவாள் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பதினோராம் அத்தியாயத்தில் பிடிபட்டது. பள்ளிப் பதிப்பில் அந்த அத்தியாயமே கிடையாது. சலவைக்கூடத்தில் கறைகளைப் படித்துச் சொல்லும் கிழட்டு வாத்து ஒன்று இருக்கிறது. எந்தத் துணியைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்து, யார், எப்போது, ஏன் அழுக்காக்கினார்கள் என்று சொல்லிவிடும். லெட்டிஸ் அதனிடம் கிழிந்த மேஜைவிரிப்பைக் கொடுக்கிறாள். வாத்து மோந்து பார்த்துவிட்டு, "ஐம்பது வயது. தனியாக. ஆடியபோது" என்கிறது.

கிழித்தது அத்தைதான். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில், ட்ரைஃபீனா அத்தை அந்த லேஸ் விரிப்பைக் கல்யாண உடுப்பு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு அறையில் தன்னந்தனியாகச் சுற்றிச் சுற்றி ஆடியிருக்கிறாள். ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. பழி குழந்தை மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்தின் அடியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் குறிப்பு. பள்ளிப் பதிப்புக்காரர்கள், பெரியவர்கள் பொய் சொல்வதைக் குழந்தைகள் படிக்கக் கூடாது என்று இந்த அத்தியாயத்தை வெட்டிவிட்டு, மண்டியிடும் காட்சியையும் கேக்கையும் தாங்களே எழுதிச் சேர்த்தார்களாம். 'மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அத்தை. ஸ்னெட்டர்பி விழா பல்லாண்டுகளாகத் தவறான ஆளை மண்டியிட வைத்துக்கொண்டிருக்கிறது.'

ரோவினா மேஜையை ஓங்கி அறைந்தாள். "மாட்டினியாடி," என்றாள் வாய்விட்டு. பேராசிரியை, அச்சு, எண் எல்லாம் போட்டு அவள் பக்கம் தீர்ப்பு. கொல்லைப்புறம் போய்க் கொடியிலிருந்து ஒரு மரக் க்ளிப்பை, நீலப் பெயின்ட் அடித்த அவளுடைய க்ளிப்பை, எடுத்துவந்து அந்தப் பக்கத்தில் கவ்வவிட்டாள். அடுத்துப் படிக்கப் போகிறவள் மெரியல். திறந்ததும் இந்தப் பக்கம்தான் கண்ணில் அறைய வேண்டும். டெஸ்மண்ட் டீப் பை மாட்டுகிற அதே மாதிரிக் க்ளிப் என்பதும் அவளுக்குப் புரியாமல் போகாது.

அந்த வெற்றியோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். இன்னும் நாற்பது பக்கம் மிச்சம் இருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது, படித்தாள்.

கடைசி அத்தியாயத்தில் லெட்டிஸ் கொப்பரையிலிருந்து ஏறி வருகிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறாள். படிக்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கிறது, இதோ அத்தையின் முகமூடியைக் கிழிக்கப் போகிறாள் என்று. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து விரிப்பைத் தைக்கப் பார்க்கிறாள். ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவில்லை. நூலை நாக்கில் நனைக்கிறாள், குத்துகிறாள், தவறுகிறது, மறுபடி நனைக்கிறாள். யாரோ வந்து நிற்பது தெரிந்தும் தலை தூக்கவில்லை. அவள் கழுத்து சிவந்துபோவதை லெட்டிஸ் பார்க்கிறாள். இவளுக்குப் பயம், ஆடியது தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று இவளுக்குப் பயம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.

"நூல் கோர்த்துத் தரட்டுமா, அத்தை?" என்கிறாள் லெட்டிஸ். அதோடு புத்தகம் முடிகிறது.

ஒன்பது வருடம் சோப்புக்கும் வாத்துக்கும் விளக்கம் எழுதிய பேராசிரியை, அந்தப் பக்கத்துக்கு ஒரு குறிப்புகூடப் போடவில்லை. கீழே வெற்றுத்தாள். ரோவினா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் சவப்பெட்டி பக்கத்தில், மகன் தோளை ஒட்டி, பின்னால் எண்பது பேர். அங்கே ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டு வந்திருந்தால் அவள் என்னதான் செய்திருப்பாள்? கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைக்காமல்?

ஆனால் அவள் நிஜமாகவே அழுதிருந்தால்? அதுவும் இருந்தது. அது தீரவில்லை.

வியாழக்கிழமை நூலக வண்டிப் படியில் கால் வைக்கும்போது, ரோவினா க்ளிப்பை இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து கழற்றிக் கடைசிப் பக்கத்தில் மாட்டினாள்.

"மிஸஸ் ஸ்டப்ஸ், லைப்ரரி புக்குல துணிக் க்ளிப் மாட்டக் கூடாது."

"அது அடிக்குறிப்பு, கண்ணு. எடுக்காம அப்படியே மெரியல்கிட்ட குடு."

சனிக்கிழமை வெயில் அடித்தது. மழைக்கே பழகிய ஊருக்கு அதுவே பாதி கலக்கம். அறுபதடி விரிப்பு புல்வெளியில் கிடந்தது, ஓரங்கள் காற்றில் எழும்பாமல் இருக்க ஆங்காங்கே கல்லும் ஜாடியும் வைத்திருந்தார்கள். அத்தைகள் ஒரு பக்கம் மடக்கு நாற்காலிகளில், மடியில் கேக்குத் தட்டோடு. மெரியல் சாம்பல் நிறக் கவுனில் கோடியில் உட்கார்ந்திருந்தாள், இளைத்திருந்தாள். பின்னால் ஜூலியன், கோட்டும் சூட்டுமாக, கொடிக்கம்பம் மாதிரி.

ப்ரூம்ஹெட் பட்டியலைப் படித்தார். ரோவினா நடந்தாள்.  கிட்டே போனதும்தான் பார்த்தாள். மெரியலுக்கு முன்னால் விரிப்பின் ஓரத்தைக் கல்லால் அழுத்தியிருக்கவில்லை. தரையில் குத்திய ஒரு குச்சியோடு சேர்த்து நீலப் பெயின்ட் அடித்த மரக் க்ளிப் ஒன்று கவ்வியிருந்தது.

ஆக, படித்திருக்கிறாள். படித்துவிட்டு இதை இங்கே மாட்டியிருக்கிறாள். இது சமாதானமா, 'உன் க்ளிப்பை நீயே எடுத்துக்கோ' என்பதா? மெரியலின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண் தட்டின் மேல் இருந்தது. கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

ரோவினா மண்டியிட்டாள். வலது முட்டி சத்தம் போட்டது. புல்வெளியில் இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நூல் கோர்த்துத் தரட்டுமா, மெரியல்?" என்றாள்.

ப்ரூம்ஹெட் குனிந்து, வரி எழுதிய அட்டையை நீட்டிக் காதோடு சொன்னார். "அந்த வரி இல்ல, ரோவினா. அட்டையில எழுதியிருக்கு பாருங்க."

"புத்தகத்துல இதான் இருக்கு. படிச்சுப் பாருங்க, பல்லு ஒண்ணும் விழுந்துடாது."

மெரியல் கைக்குட்டையை எடுத்தாள். முகத்தை அதில் புதைத்தாள். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"பாவம், அழறாங்க," என்றது கூட்டத்தில் ஒரு குரல். பாதிரியார் ஒரு அடி முன்னால் வந்தார். ஜூலியன் அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டு, போன செப்டம்பரில் முறைத்த அதே முறைப்பை முறைத்தான்.

ரோவினா அந்தத் தோள்களையே பார்த்தாள். வயிற்றின் அடியிலிருந்து அவளுக்குச் சிரிப்பு கிளம்பியது, அடுப்பில் மறந்துவிட்ட பால் மாதிரி. அடக்கலாம். பல்லைக் கடித்தால் அடங்கிவிடும். இந்தத் தடவையும் தான் பார்த்தது தப்பென்றால் எல்லாம் போயிற்று. திங்கட்கிழமை கையெழுத்து, லீட்ஸ், அவ்வளவுதான். ஆனால் நாற்பது வருடம் பார்த்த தோள் அது. அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அவள் சிரித்தாள், முழுத் தொண்டையில்.

புல்வெளி உறைந்துபோனது. ப்ரூம்ஹெட்டின் கையிலிருந்த பட்டியல் கீழே விழுந்தது. அப்போது கைக்குட்டையும் விழுந்தது. உள்ளே இருந்த முகம் சிவந்து, கோணி, மூச்சுக்குத் திணறிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அவ இல்ல," என்றாள் மெரியல், திணறிக்கொண்டே. "அன்னிக்கும் அவ இல்ல. நான்தான் முதல்ல."

"அம்மா, எல்லாரும் கேக்கறாங்க," என்றான் ஜூலியன்.

"கேக்கட்டும்னுதானே சொல்றேன். உங்கப்பா டீப் பையை என் உள்பாவாடை பக்கத்துல காயப்போடுவாரே, அதை நினைச்சு நான் சிரிச்சேன். பெட்டி பக்கத்துல உக்காந்துக்கிட்டு. நீ வேற தோளைத் தடவிக் குடுத்தியா, இன்னும் சிரிப்பு வந்துச்சு. இவ மாட்டிக்கிட்டா, நான் வாயை மூடிக்கிட்டேன்." அவள் பாதிரியார் பக்கம் திரும்பினாள். "உங்க மேல தப்பில்ல, ஃபாதர். உங்களுக்கு அவரைத் தெரியாது."

தாடிக்காரத் தபால்காரரிடமிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் வருடக்கணக்காக அந்தக் கொடியைப் பார்த்தவர். அதற்கப்புறம் யாரைச் சொல்லியும் பிரயோஜனமில்லை, புல்வெளி பூராவும் சிரித்தது. ப்ரூம்ஹெட் மட்டும் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், பாதியில் லெட்டிஸும் அத்தையும் மாறிக்கொண்டால் கேக் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

மெரியல் நாற்காலியை விட்டு இறங்கி, ரோவினாவுக்கு எதிரே தானும் விரிப்பின் மேல் மண்டியிட்டாள். இருவரும் ஒன்பது மாதத்துக்குப் பிறகு கிட்டத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒன்பது மாசம்டி," என்றாள் ரோவினா.

"பயந்துட்டேன். புருஷனைப் புதைக்கிறப்போ சிரிச்சவள்னு பேர் வரும்னு."

"எனக்கு வந்தா பரவால்லயா?"

"உனக்கு ஏற்கனவே அந்தப் பேர் இருக்குடி." சொல்லிவிட்டு மெரியல் கீழுதட்டைக் கடித்தாள். "தப்புதான். பெரிய தப்பு. நாள் ஆக ஆகச் சொல்லவே முடியல. அந்தக் க்ளிப்பைப் பாத்ததும், கடைசிப் பக்கத்துல... நீ அந்த அடிக்குறிப்புல மாட்டியிருந்தா நான் இன்னிக்கு வந்திருக்கவே மாட்டேன்."

ரோவினா விரிப்பின் சுருக்கம் ஒன்றை நீவிவிட்டாள். அது எங்கே இருந்து கடைசிப் பக்கத்துக்குப் போனது என்பதை அவள் சாகும் வரைக்கும் சொல்வதாக இல்லை.

"நீ ஏன் ஊர்ல சொல்லல?" என்றாள் மெரியல். "அவதான் முதல்ல சிரிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நிஜமாவே அழுதியோன்னு."

"நாப்பது வருஷமா பாக்குற. தோளைக் குலுக்கியா நான் அழுவேன்?"

ரோவினா யோசித்துப் பார்த்தாள். மெரியல் சிரித்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அழுது ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"கேக்கைத் தின்னு," என்றாள் மெரியல், தட்டை இருவருக்கும் நடுவில் வைத்து. "தின்னுட்டு வா. வாசல்ல அந்த போர்டைப் பிடுங்கணும், எனக்குத் தனியா முடியாது."

அவள் கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினாள். இரண்டாவதை வெட்டும்போது கத்தி நின்றது. ரோவினா நிமிர்ந்தாள். மெரியலின் கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் திரண்டு, கேக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. டெஸ்மண்டுக்கானது எது, இந்த ஒன்பது மாதத்துக்கானது எது என்று பிரிக்க முடியாது. முகம் சுளிக்கவில்லை, சத்தம் இல்லை. தோள் இரண்டும் அசையவே இல்லை.